மஞ்சள் அடித்த சமையலறை

ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் நீக்கிப் பிதுக்குவது டிசம்பர், ஜனவரி மாதங்களில் சீனிவாசராகவனின் வேலை. மனைவி பாகீரதி அதை அவரிடம் ஒப்படைத்ததற்குக் காரணம் அன்பு அல்ல. ரிடையர் ஆன மனுஷர் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது அவள் கண்ணை உறுத்தியது, அவ்வளவுதான். அவரும் முணுமுணுக்காமல் செய்வார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொட்டையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் பருப்பு துள்ளிப் போய்ப் பாத்திரத்தில் விழும், தோல் விரலில் தங்கும். பக்கத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருப்பார்.

"பாகீ, நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. மணிக்கு ரெண்டாயிரத்து இருநூத்து எண்பது."

"மொத்தமே அரைப்படிதான் இருக்கு. மணிக்கணக்கு எதுக்கு?"

"ஸ்பீடுன்னா மணிக்கணக்குலதான் சொல்லணும்."

"கீழ உருண்டு போனதையெல்லாம் எந்த ஸ்டேஷன்ல ஏத்திக்கப் போறேள்?"

அவர் குனிந்து சோபாவுக்கு அடியில் போன ஏழு பருப்பைப் பொறுக்கினார். அதற்கு ஆன நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜீவனஹள்ளியில் நாற்பத்தேழாம் எண் வீட்டில் சீனிவாசராகவனின் வாழ்க்கை பெரும்பாலும் கோடுகளாகவே கழிந்தது. சர்க்கார் இலாகா ஒன்றில் முப்பத்தோரு வருஷம் டிராஃப்ட்ஸ்மேன். ரோடு, பாலம், மதகு, ஆஸ்பத்திரிக் காம்பவுண்டு என்று அவர் கை படாத வரைபடம் அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் எந்த வரைபடத்திலும் அவர் பெயர் இல்லை. கீழே வலது மூலையில் நான்கு கட்டங்கள் இருக்கும். மூன்றில் எஞ்சினியர்கள் பெயரெழுதிப் பெரிதாகக் கையெழுத்துப் போடுவார்கள். நாலாவது கட்டம், 'வரைந்தவர்', ஒரு அவரைக்கொட்டை அகலம்கூட இருக்காது. அதில் 'எஸ்.எஸ்.ஆர்.' என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு அடுத்த தாளை விரிப்பார். இதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டதில்லை. ஆனால் ஒரு பாலத்தின் மேல் பஸ் போகும்போது, "இது என்னோடது" என்று பாகீரதியின் காதில் சொல்லாமல் இருந்ததும் இல்லை.

ரிடையர் ஆன பிறகு அவருக்கு வாய்த்தது பெஞ்சு.

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷன். அதன் பிளாட்பாரத்தில் இரண்டாவது பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் கூடுவார்கள். நாலு பேரும் எந்த வண்டியிலும் ஏறமாட்டார்கள், யாரையும் வரவேற்க வந்தவர்களும் இல்லை. பிளாட்பாரம் டிக்கெட் மட்டும் ஒழுங்காக வாங்கிவிடுவார்கள்.

எத்திராஜ் ரிடையர் ஆன ரயில்வே கார்டு, ஜோலார்பேட்டைக்காரர். தண்டவாளம் பதின்மூன்று மீட்டர் துண்டுகளாக இருந்த காலத்தில், நாற்பத்தேழு செகண்டில் எத்தனை 'தடக்' கேட்கிறதோ அதுதான் மணிக்கு அத்தனை கிலோமீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு வேகம் சொன்னவர். இப்போது தண்டவாளத்தை நீளமாக வெல்டு செய்துவிட்டார்கள். "காதைக் கழட்டி வாங்கிகினானுங்க சார்" என்பார். வெங்கி கும்பகோணத்துப் பையன், சாஃப்ட்வேர் கம்பெனி. கம்பெனி அவனை மூன்று மாதம் சிங்கப்பூருக்கு அனுப்பியது. மற்றவர்கள் அங்கிருந்து சாக்லேட் கொண்டுவருவார்கள். அவன் பூமிக்கடியில் ஓடும் ரயில் எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவே எத்தனை செகண்டில் போகிறது என்று ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தான். பச்சைமுத்து ஹெப்பகோடியில் லேத் ஓட்டுகிறவர், தர்மபுரிப் பக்கம். இரண்டு பஸ் மாறி வருவார். அவருக்கு வேகத்தில் அக்கறை இல்லை, திருப்பிவிடுவதில்தான். "இந்த வண்டிய இப்படிக்கா திருப்பி உட்டா என்னாங்க?" என்று ஆரம்பித்தால் மைசூர் வண்டி ஒசூருக்குப் போகும், ஒசூர் வண்டி தும்கூருக்குப் போகும், பயணிகள் கதி அதோகதி.

இருக்கிற ரயிலைப் பற்றிப் பேசினால் பெஞ்சு அரைமணியில் கலைந்துவிடும். இல்லாத ரயிலைப் பற்றிப் பேசினால் மூன்று மணி நேரம் ஓடும். 2005ஆம் வருஷக் கடைசியில் அப்படி ஒரு இல்லாத ரயில் ஊருக்கே கிடைத்தது. மெட்ரோ வரும், வரப்போகிறது, வந்தேவிட்டது என்று தினமும் பேப்பரில் படம். சர்க்கார் எந்த வழியாகப் போட்டால் என்ன, பெஞ்சு தன் பங்குக்கு அதைத் திருப்பிவிட்டது. பையப்பனஹள்ளியில் கிளம்பி, ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் வழியாக மெஜஸ்டிக்.

அதில் இரண்டு கட்சி. வெங்கி கம்ப்யூட்டரில் போட்ட பாதை பெரிய ரோட்டையே ஒட்டி வளைந்து வளைந்து போகும். மொத்தம் பதினாலு நிமிஷம் பத்து செகண்ட். சீனிவாசராகவன் கையால் வரைந்த பாதை ஜீவனஹள்ளியை நேர்க்கோட்டில் கடக்கும். பதின்மூன்று நிமிஷம் ஐம்பத்தெட்டு செகண்ட். யாருடைய வண்டி சீக்கிரம் போய்ச் சேருகிறதோ அவருடைய படத்தைத்தான் வெங்கி இன்டர்நெட்டில் இருக்கும் ரயில் பைத்தியங்களின் குழுவுக்கு அனுப்புவான். ஆயிரத்து நூறு பேர் இருக்கிறார்களாம். ஜப்பான்காரர்கள்கூட உண்டாம். ஞாயிற்றுக்கிழமை முடிவு.

இந்த முறை படத்தின் மூலையில் ஒரே ஒரு கட்டம்தான் போட்டிருந்தார். அகலமான கட்டம். 'வரைந்தவர்: எஸ். சீனிவாசராகவன், ஜீவனஹள்ளி.'

அன்றைக்கு வியாழக்கிழமை. பருப்பைப் பிதுக்கி முடித்துவிட்டு அவர் ஒரு ரப்பர் வாங்க வெளியே போனார். பாகீரதி சாப்பாட்டு மேஜையைத் துடைக்க வந்தாள். மேஜையை முழுக்க அடைத்துக்கொண்டு படம் கிடந்தது. துடைக்க இடம் தேடியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டிராஃப்ட்ஸ்மேன் பெண்டாட்டிக்குப் படம் படிக்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கறுப்பு என்றால் இருப்பது. சிவப்பு என்றால் வரப்போவது. மஞ்சள் என்றால் இடிக்கவேண்டியது. முப்பத்தோரு வருஷம் அவர் சட்டைக் கையிலிருந்து இந்த மூன்று கலரையும் கசக்கி எடுத்தவள் அவள்.

சிவப்புக் கோடு ரயில்வே புறம்போக்கிலும் காலி மனைகளிலுமாக அழகாக வந்தது. வழியில் மூன்றே இடத்தில்தான் மஞ்சள். ஒன்று, பாழடைந்த கோடவுன். இரண்டு, யாருடைய கார் ஷெட்டோ. மூன்றாவதன் மேல் பொடி எழுத்தில் 47.

அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"இது என்ன?"

"எது?"

"நாப்பத்தேழு."

"ஓ, அதுவா."

"மஞ்சள் அடிக்கறச்சே நம்ம ஆம்னு தெரியலையா?"

"வரையறச்சே நம்பர்தான் தெரியும், பாகீ. ஆத்தை யார் பாக்கறா? பிரஷ் வச்சப்புறம்தான் தெரிஞ்சது."

"தெரிஞ்சப்புறம்?"

"பாதியில நிறுத்தினா கலர் திட்டுத்திட்டாயிடும்."

பாகீரதி துடைக்கும் துணியை மெதுவாக நாலாக மடித்தாள்.

"முழு ஆமும் போறதா?"

"சேச்சே! மேற்கோரம் பதினோரு அடிதான்."

"மேற்கோரம்னா?"

அவர் ரப்பரைப் பையிலிருந்து எடுத்து, அது நல்ல ரப்பரா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். மேற்கோரம் என்றால் சமையலறை.

"கொஞ்சம் வளைச்சுண்டு போகலாமே."

"வளைச்சா நாப்பதுக்கு மேல போக முடியாது. எண்பதுல வர வண்டி பிரேக் போடணும், வளைவைத் தாண்டணும், திரும்பப் பிக்கப் பண்ணணும். பத்தொம்பது செகண்ட் போயிடும்."

"பத்தொம்பது செகண்ட்."

"ஹௌது, ஆமாம். அப்பறம் பதினாலு பதினேழு ஆயிடும். வெங்கி ஜெயிச்சுடுவான்."

"பத்தொம்பது செகண்டுக்காக என் தளிகை உள்."

"பேப்பர்லதானேடீ!"

பாகீரதியின் அப்பா தாலுகா ஆபீஸில் காகிதங்களுக்கெல்லாம் பொறுப்பான சிரஸ்தேதாராக இருந்தவர். பேப்பரில் வராதது எதுவும் நடக்காது, பேப்பரில் வந்தது என்றைக்காவது நடந்தே தீரும் என்று நம்பிய குடும்பம்.

மறுநாள் காலை ஆறரைக்கு சீனிவாசராகவன் வழக்கம்போலக் காப்பிக்குக் கை நீட்டினார். கை நீட்டியபடியே இருந்தது.

"காப்பி?"

"தளிகை உள்ளை இடிக்கப் போறா. அதனால மூடியாச்சு."

"யாரு?"

"மெட்ரோக்காரா."

ஒன்பதரை வரை அவர் அதை வேடிக்கை என்றே நினைத்தார். பத்து மணிக்குக் காலண்டரைப் போய்ப் பார்த்தார்.

"இன்னிக்கு ஏகாதசியா?"

"இல்லை."

"அப்போ சாதம், சாத்தமுது?"

"இடிக்கப் போற இடத்துல எதுக்குன்னா தளிகை? நாளைக்கே வந்து எல்லாத்தையும் எடுங்கோன்னா கொதிக்கிற சாத்தமுதைக் கையில பிடிச்சுண்டு நான் எங்க நிக்கறது?"

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு ஒரு வழி தெரிந்திருக்கும். பிதுக்கிய பருப்பு ஃப்ரிட்ஜில் மூடிபோட்டு உட்கார்ந்திருந்தது. அவளுக்கு எதிர்வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனைச் சாப்பாடு.

அவர் தெருமுனையில் நின்றுகொண்டே சாப்பிடும் ஹோட்டலில் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டு உயர்ந்த மேஜை ஓரமாக நின்றார். பக்கத்து வீட்டுக் கேத்தரின் பார்சல் வாங்க வந்தவள் பார்த்துவிட்டாள். விவேக் நகரில் பிறந்து, நாற்பத்தாறாம் எண் வீட்டுக்குக் கல்யாணம் ஆகி வந்தவள்.

"இன்னா சார், இங்க வந்து துன்றீங்க? அக்காவுக்கு ஒடம்பு செரியில்லியா?"

"உடம்பெல்லாம் நன்னாத்தான் இருக்கு. நிலம் எடுத்துக்கறா. அதுல கொஞ்சம் தகராறு."

"ஐயோ மாதாவே! யாரு எடுக்குறாங்க?"

"நான்தான்."

விஷயத்தை விளக்கவேண்டி வந்தது. காகித நாப்கினில் கோடு போட்டே காட்டினார். கேத்தரினுக்கு முழுக்கப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் படத்தில் நாற்பத்தாறாம் எண்ணின் வாசலில் ஸ்டேஷன் படிக்கட்டு இறங்குகிறது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. பார்சலோடு நேரே பாகீரதியிடம் போனாள்.

"அக்கா, எங்க வாசல்லயே எறக்கமாமே! எங்க வூட்டுக்காரரு இனிமே ஆட்டோவுக்கு அலைய வாணாம்."

"ரொம்ப சந்தோஷம், கேத்தரின்."

"உங்களுதுதான் கொஞ்சம் போவுதாம். சாரு சொன்னாரு. ஆனா ஓரமாத்தானாம்."

ஓரமாத்தானாம். அன்றிரவும் சமையலறை திறக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வயிற்றில் வாழைப்பழத்தோடு சீனிவாசராகவன் கணக்குப் பார்த்தார். வளைவை அகலமாக்கிப் பார்த்தார். கேத்தரின் வீடு போயிற்று. ஸ்டேஷனை நகர்த்திப் பார்த்தார். குட்டி தேவாலயம் ஒன்று குறுக்கே வந்தது. ஒரு ஸ்டேஷனையே எடுத்துவிட்டுப் பார்த்தார். வேகம் கூடியது, ஆனால் எடுத்தது ஜீவனஹள்ளி ஸ்டேஷன். இருந்த ஒரே நல்ல வழி நாற்பத்தேழாம் எண்ணைச் சுற்றி வளைப்பதுதான், அதற்குப் பத்தொன்பது செகண்ட் கொடுத்தே ஆகவேண்டும். பதினாலு பதினேழு. ஏழு செகண்டில் தோல்வி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் இருந்த அந்த அகலமான கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜப்பான்காரர்கள் 'சீனிவாசராகவன்' என்று எப்படி உச்சரிப்பார்கள் என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு வீட்டுக்கே வந்தது. அவ்வளவு பெரிய தாளைப் பிளாட்பாரத்தில் விரித்தால் முதல் எக்ஸ்பிரஸ் காற்றிலேயே அது அடுத்த ஸ்டேஷன் கன்டோன்மென்ட்டுக்குப் போய்விடும் என்பதால் அப்படி ஏற்பாடு. மூன்று பேரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து காப்பி வரும் திசையைப் பார்த்தார்கள். காப்பி வரவில்லை. வெங்கிதான் முதலில் கவனித்தான். படத்தின் மேல், பித்தளைக் குங்குமச்சிமிழைக் கனத்துக்கு வைத்து, ஒரு முழுத்தாள் இருந்தது.

"இது என்ன சார்?"

"எனக்குத் தெரியாது," என்றார் சீனிவாசராகவன். உண்மையாகவே தெரியாது.

எத்திராஜ் தாளை வாங்கி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, வண்டி தாமதத்தை அறிவிக்கிற குரலில் படித்தார்.

"பெறுநர், கிழக்கு பெஞ்சு மெட்ரோ கமிட்டி. பொருள், ஆட்சேபணை. ஐயா, மனை எண் நாற்பத்தேழின் மேற்கோரச் சமையலறையில் மனுதாரர் பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கிறார். வீட்டில் மற்றவர்கள் மற்ற அறைகளில் குடியிருக்கிறார்கள். மேற்படி அறையை இடிப்பது குறித்து மனுதாரருக்கு நோட்டீஸ் எதுவும் தரப்படவில்லை. மிச்சமாகும் நேரம் பத்தொன்பது செகண்ட் என்று அறிகிறார். அதாவது வருஷத்துக்கு ஒரு செகண்ட். விசாரணை முடியும்வரை காப்பி வழங்க இயலாது. இப்படிக்கு, பாகீரதி சீனிவாசராகவன்."

காப்பி பற்றிய வரிதான் அவர்களை மிகவும் பாதித்தது.

"மனுவு கரீட்டாக் கீது சார்," என்றார் எத்திராஜ். "நோட்டீஸ் குடுக்காம எப்டி இடிப்பீங்க?"

"எத்திராஜ், நீர் என் கட்சி."

"கட்சிதான். காப்பி வேற டிபார்ட்மென்ட்டு."

வெங்கி நகர்ந்து உட்கார்ந்தான். ஜெயிக்கப்போகிறவனுக்கு வருகிற தாராளம் அவனுக்கு வந்திருந்தது. "சார், மேல தூக்கிடலாமே. தூண் ரெண்டும் தெருவுல வரட்டும், ட்ராக் வீட்டுக்கு மேல போகட்டும். நேராவே போகலாம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெங்கி, மொட்டை மாடியில நான் புடவை உலர்த்தணும். எண்பதுல வண்டி போனா என் ஒம்பது கஜம் மெஜஸ்டிக்ல போய் நிக்கும்."

"சாரி மாமி."

"அப்போ அடியில உட்டுருங்க," என்றார் பச்சைமுத்து. "சுரங்கம். பூமிக்கு அடியில நேராப் போவட்டுமுங்க. வூடும் போவாது, செகண்டும் போவாது."

வெங்கி துள்ளினான். "சூப்பர் பச்சைமுத்து! சிங்கப்பூர்ல அப்படித்தான். சார், அண்டர்கிரவுண்டுல காத்து எதிர்ப்பு ஜாஸ்தி, ஆனா இந்தத் தூரத்துக்கு ஒரு செகண்டுகூட வித்தியாசம் வராது. பதிமூணு அம்பத்தெட்டு அப்படியே நிக்கும். நீங்க ஜெயிச்சாச்சு!"

எல்லோரும் சீனிவாசராகவனைப் பார்த்தார்கள். அவர் முகம் மலர்ந்திருக்க வேண்டும். மலரவில்லை.

"நம்மூர்ப் பாறை தெரியுமா உங்களுக்கு? கருங்கல். கிலோமீட்டருக்கு மூணு மடங்கு செலவு."

"இது சும்மா பேப்பர்ங்க சார்," என்றார் பச்சைமுத்து.

"பேப்பரா இருந்தா என்ன? சர்க்கார் காசு, சர்க்கார் காசுதான்."

"இல்லாத காசு சார் அது!" என்றான் வெங்கி.

"இல்லாத காசை மட்டும் வீண் பண்ணலாமா? ஊர்ல எல்லாருக்கும் தரைமேல, டிராஃப்ட்ஸ்மேன் ஆத்துக்கிட்ட வந்தா மட்டும் பூமிக்கு அடியில. நாலு பேர் என்ன சொல்லுவா? ஜப்பான்காரன் என்ன சொல்லுவான்?"

"ஜப்பான்காரனுக்கு உங்க வீட்டு நம்பர் தெரியாது சார்."

"எனக்குத் தெரியும்."

எத்திராஜ் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சீனிவாசராகவன் எழுந்து நின்றார். கூடத்தில் நடக்க இடம் இல்லை. சோபாவுக்கும் மேஜைக்கும் நடுவே இரண்டடி போய் இரண்டடி வந்தார்.

"எண்பத்துமூணுல ஒரு ரோடு வரைஞ்சேன். நேரா வந்தது. நடுவுல ஒரு பெரிய மனுஷனோட தென்னந்தோப்பு. பன்னண்டு அடி வளைங்கோன்னார். பென்சிலை எடுத்து என் கையிலயே கொடுத்தார். நான் வளைக்கலை. மூணாம் வாரம் வடகோடியில இருக்கற பீதருக்கு மாத்திட்டா. ரெண்டு வருஷம். போனேன். ஒருத்தருக்காகவும் கோட்டை வளைச்சதில்லை. இன்னிக்கு என் ஆத்துக்காகவே வளைச்சேன்னா, அன்னிக்குப் பீதர் போனது எதுக்கு?"

பெஞ்சுக்கு இந்தக் கதை தெரியாது. வெங்கி கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினான். பச்சைமுத்து, "கையெடுத்துக் கும்புடணும் சார்" என்றார். எத்திராஜுக்கு அந்த இடத்தில் ஒரு கொடி காட்டவேண்டும் போல இருந்தது.

சமையலறை வாசலில் பாகீரதி வந்து நின்றாள். கையில் பருப்பு டப்பா.

"பீதருக்கு யாரு போனா?"

"நான்... நாம."

"பொண்ணு சஹானாவுக்கு அப்போ நாலு வயசு. ஜன்னல் இல்லாத தளிகை உள். குமுட்டி அடுப்புப் புகையில ரெண்டு வருஷம் நான் கண்ணைத் திறக்கலை. கோட்டை வளைக்காதது நீங்க. சரிதான், வளைச்சிருக்கவும் வேண்டாம். ஆனா போகலாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?"

"மாத்தல் ஆர்டர் வந்தா கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அதைத்தான் சொல்றேன். அன்னிக்கும் கேக்கலை."

திரும்பி வந்த வருஷம் வீட்டின் மேற்கே இந்தச் சமையலறையைக் கட்டினார்கள். அந்த வீட்டில் பாகீரதி சொன்ன இடத்தில் சுவரும் அவள் சொன்ன உயரத்தில் ஜன்னலும் வந்தது அந்த ஒரு அறைக்குத்தான். கொத்தனாரைத் தானே நிற்கவைத்து, சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினாள். அது கொஞ்சம் கோணல் கோடு. சீனிவாசராகவன் அன்றைக்கு ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். அந்தக் கோணலில்தான் இன்றும் சுவர் நிற்கிறது.

"நான் வளைக்கச் சொல்லலை," என்றாள் பாகீரதி, பெஞ்சைப் பார்த்து. "தூக்குங்கோ, தோண்டுங்கோன்னும் சொல்லலை. மனுவுல அப்படி ஒரு வரி இருக்கா பாருங்கோ, எத்திராஜ்."

எத்திராஜ் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். "இல்லம்மா. நோட்டீஸு தரலன்னுதான் கீது."

"அவ்வளவுதான்."

அவள் உள்ளே போய்விட்டாள். டப்பாவை அலமாரியில் வைக்கும் சத்தம் கேட்டது.

வெங்கி தொண்டையைச் செருமினான். அவனுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் காமிராவைப் பையிலிருந்து எடுத்தாயிற்று, மத்தியானம் பவர் கட் வேறு. "சார், நான் ரெண்டு டைமும் எழுதி வச்சுருக்கேன். பதிமூணு அம்பத்தெட்டுன்னா உங்க படம். பதினாலு பதினேழுன்னா... பரவாயில்லை சார், அடுத்த தடவை பாத்துக்கலாம். எதைப் போடட்டும்?"

"மஞ்சளா இல்லியான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க சார்," என்றார் எத்திராஜ். "சிக்னல் போடாம வண்டிய எடுக்கச் சொல்றான் பையன்."

சீனிவாசராகவன் மேஜையைப் பார்த்தார். தாளின் மேல் சிவப்புக் கோடு நேராக, மிக நேராக வந்து நாற்பத்தேழின் மேற்கோரத்தில் நுழைந்து வெளியே போயிற்று. கோடு அப்படி அமைவது லேசில்லை. முப்பத்தோரு வருஷத்தில் நாலைந்து தடவை அமைந்திருக்கும். பிரஷை எடுத்துக்கொண்டார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. கையில் ஒன்றும் இல்லாமல் சமையலறைக்குள் போக அவருக்கு மனம் வரவில்லை.

பாகீரதி அலமாரித் தட்டிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு மேடையில் பாதி டப்பா, தரையில் பாதி டப்பா. காலி செய்கிறாளா, சுத்தம் செய்கிறாளா என்று பார்த்துச் சொல்ல முடியாதபடி இருந்தது. மேற்கு ஜன்னலில் கேத்தரின் வீட்டுச் சுவரும், சுவர்மேல் ஒரு பூனையும்.

"பாகீ."

அவள் துவரம்பருப்பு டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடினாள்.

"ஒண்ணு கேக்கணும்."

கடுகு டப்பா இறங்கியது.

"இந்த உள்ளு... மேற்கோரம் பதினோரு அடி." பிரஷை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். சூப்பிரண்டெண்டிங் எஞ்சினியர் முன்னால்கூட இப்படி நின்றதில்லை. "பேப்பர்லதான். ஆனாலும் கேக்கறேன். இடிக்கட்டுமா?"

பூனை சுவரிலிருந்து அந்தப் பக்கம் குதித்தது. பாகீரதி ஈரத்துணியைப் பிழிந்தாள். தட்டின் மூலையில் பிசுக்கு இருந்தது போல. அங்கே நன்றாக அழுத்தித் தேய்த்தாள். அவள் உதட்டோரத்தில் இருந்தது சிரிப்பா இல்லையா என்று அவர் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. ஒரு அடி நகர்ந்தால் தெரிந்திருக்கும். தரையெல்லாம் டப்பா.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. சரின்னா சரின்னு சொல்லு. எதுவானாலும்..."

"சார், காமிராவுல சார்ஜ் கம்மியா இருக்கு!" என்று கூடத்திலிருந்து வெங்கி கூப்பிட்டான்.

பாகீரதி மிளகாய் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு, எதையும் தட்டிவிடாமல் டப்பாக்களுக்கு நடுவே கால் பார்த்து வைத்து, பிரஷோடு வெளியே போய், "இரு வெங்கி, நோட்டீஸ் இப்பத்தான் குடுத்திருக்கேன், பதில் வரட்டும்," என்றார்.